சிலந்திக்குக் காவல்

"இது வீடா, பாழடைஞ்ச மண்டபமா?"

வாசலில் நுழைந்ததுமே ஞானராஜ் பிடரியிலிருந்து ஒட்டடையை வழித்து உதறினார்.

அடுப்படியிலிருந்து மனைவி ரோஸ்மேரி கரண்டியோடு வந்தாள். "கிறிஸ்மசுக்கு வெள்ளையடிச்சு ரெண்டு நாளாகல. எங்கிட்டு இருக்கு ஒட்டடை? காட்டுங்க."

"என் தலையில இருக்குல்ல!"

"வயக்காட்டுல சிலந்தியச் செல்லப்பிள்ள மாதிரி வளக்குறீங்க. வீட்டுல ஒண்ணு நூல் விட்டா மட்டும் பத்திக்கிட்டு வருதாக்கும்?"

அவருக்கு ஏற்கெனவே பற்றிக்கொண்டுதான் இருந்தது. போன வருடம் புகையான் பூச்சி விழுந்து நெல் முழுதும் கருகிப்போனது. "சிலந்தி இருந்தா அதுவே பூச்சியத் தின்னுரும். மருந்தடிச்சு அதக் கொன்னுராதீங்க" என்று வேளாண்மை ஆபீஸ் ஐரின் மேடம் சொன்னதை நம்பி இந்த முறை இறங்கியிருந்தார். இதுவும் போனால் சித்தையன்கோட்டையில் இருக்கும் ஒரே வயலையும் விற்க வேண்டியதுதான்.

ஆனால் வயலில் வலையைக் காணோம். தினமும் இருட்டோடு போய், பயிருக்குள் இறங்கி மூலைமுடுக்கெல்லாம் நடந்து காவல் பார்த்தும் காணோம். விடிந்தால் பக்கத்து வயலில் மட்டும் பனித்துளியோடு வலைகள் மின்னின.

"ஏலே கருப்பணா! என் சிலந்தியெல்லாம் ஒன் வயலுக்கு எப்படிலே வந்துச்சு?"

"நான் என்ன கையப் புடிச்சா கூட்டியாந்தேன்? நான் பாட்டுக்கு வரப்போட வாரேன், வரப்போட போறேன்."

"பொய் சொல்லாத! ராத்திரி மருந்தடிச்சு வெரட்டியிருக்க!"

கருப்பணன் தன் வயல் வழியாக அவர் வயலுக்குத் தண்ணீர் போகும் மடையை மண்வெட்டியால் அடைத்துவிட்டு நடந்தார். பயிர் வாடத் தொடங்கியது. ஞானராஜ் காவலைக் கூட்டினார். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. வயலில் வலை இன்னும் குறைந்தது. வீட்டில் சண்டை இன்னும் கூடியது.

"நீதான்டி ஒட்டடைக் கம்போட வயலுக்குப் போயிருக்க!" என்று ஒருநாள் கத்தியே விட்டார்.

ரோஸ்மேரி கம்பை அவர் காலடியில் போட்டுவிட்டு, வத்தலக்குண்டில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் பஸ் ஏறினாள். சத்தமில்லாத வீடு திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. அதற்கும் அவருக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாள் விடியற்காலை ஐரின் மேடத்தை வயலுக்கே வரவழைத்தார். முதுகில் மருந்து நிரம்பிய ஸ்பிரேயர்.

"நல்லாப் பாருங்க மேடம். ஒரே ஒரு வலை இருந்தாலும் நான் மருந்தடிக்கல!"

பயிரை விலக்கிக்கொண்டு நடு வயல்வரை வேகமாகப் போய்த் திரும்பினார். மேடமும் மடையருகே நின்ற கருப்பணனும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன, எல்லாருக்கும் வாயடைச்சுப் போச்சா? எங்க இருக்கு வலை? காட்டுங்க!"

களையெடுக்க வந்து வரப்பில் நின்ற பொன்னழகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்:

"அம்புட்டும் ஒங்க தலையிலதாண்ணே இருக்கு."