முப்பத்தைந்து புள்ளி எட்டு விநாடி

பொய் சொல்லக்கூடக் கொஞ்சம் அறிவு வேண்டும். எனக்கு அது இருந்திருந்தால் என் பெயருக்குப் பின்னால் இன்று பி.இ. என்று போட்டிருப்பேன். இல்லாததால் சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, வண்டி எங்கே நிற்கிறது என்று டிரைவர்களிடம் போனில் கத்திக்கொண்டிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஆரம்பித்தால்தான் என் மேல் உள்ள பழி கொஞ்சமாவது குறையும். நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளி. (பெயர் வேண்டாம். அவர்களிடம் வக்கீல் இருக்கிறார், என்னிடம் இல்லை.) அங்கே இயற்பியல் ஆய்வகம் ஒன்று இருந்தது. அதன் பூட்டு அதைவிடப் பெரிதாக இருந்தது. இரண்டு வருடத்தில் இரண்டு முறை திறந்தார்கள்: இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒரு முறை, ஆயுத பூஜைக்கு ஒரு முறை. மற்ற நாளெல்லாம் சீனியர்களின் ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து எழுதி, அதிலிருந்த அளவுகளை ஒப்பிப்போம். தனி ஊசல் என்றால் எண்பது சென்டிமீட்டர் நூல், இருபது அலைவு, முப்பத்தைந்து புள்ளி எட்டு விநாடி. அந்த அளவை முதன்முதலில் எடுத்த புண்ணியவான் யாரென்று எங்கள் வாத்தியாருக்கே தெரியாது.

இப்படிப் படித்தவன் என்ன மார்க் வாங்குவான்? பொதுத்தேர்வில் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டார்கள், நான் கவிழ்ந்தேன். அந்த மார்க்குக்கு எந்த இஞ்சினியரிங் கல்லூரியும் கதவைத் திறக்கவில்லை.

அப்போதுதான் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ‘ஃபவுண்டேஷன் இயர்’ என்று ஒன்று இருப்பது தெரிந்தது. என்னைப் போல அரைகுறையாக வந்தவர்களுக்குக் கணக்கும் இயற்பியலும் வேதியியலும் ஒரு வருடம் அடியிலிருந்து சொல்லிக்கொடுப்பார்கள். கடைசியில் எழுத்து, செய்முறை எல்லாவற்றிலும் அறுபது வாங்கினால் நேராக மெக்கானிக்கல் முதலாம் ஆண்டு. ஒன்றில் குறைந்தாலும் வீட்டுக்கு. இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

என் அப்பா லாரிக்கு பிரேக் வேலை பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். தன் வீட்டுச் சோற்றை ஒரு இஞ்சினியர் தின்ன வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அம்மாவோ நான் சேர்ந்த அன்றைக்கே ஊர் முழுக்க ‘பையன் இஞ்சினீரு’ என்று சொல்லிவிட்டாள். ஆட்டையாம்பட்டியில் ஒரு கல்யாணத்தில் பெரிய மாமா பிடித்துக்கொண்டார்.

“எத்தனாவது வருசம் மாப்ளே?”

“முதல் வருசத்துக்கு முந்தின வருசமுங்க மாமா.”

“அப்படியொரு வருசம் இருக்குதா? நாங்கெல்லாம் ஒண்ணுல இருந்துதானப்பா எண்ணுவோம்!”

பந்தியே சிரித்தது. கல்லூரியிலும் அதே கதைதான். முதலாம் ஆண்டுப் பையன்கள் எங்களை எல்.கே.ஜி. என்பார்கள். அவர்களிலும் பாதிப் பேர் என் பள்ளிக்கூட மாதிரி தொழிற்சாலைகளில் அடித்து வார்த்தவர்கள்தான். ஒப்பித்தது அவர்களுக்கு மறக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இயற்பியல் எடுத்தவர் நிர்மலா மேடம். முதல் வாரமே ஒரு மேசையைக் காட்டி, அதன் நீளத்தை ஆளுக்கு ஐந்து முறை அளந்து எழுதச் சொன்னார். எல்லோரும் ஒரு முறை அளந்துவிட்டு அதையே ஐந்து முறை எழுதினோம். மேடம் தாள்களைப் புரட்டிப் பார்த்தார்.

“அஞ்சு தடவையும் ஒரு மில்லிமீட்டர்கூட மாறலையா? அப்ப யாருமே அளக்கலை.”

எனக்கு அது விளங்கவில்லை. சரியான அளவு ஒன்றுதானே இருக்க முடியும் என்று நினைத்தேன். பத்து மாதம் அவர் தொண்டை கிழியக் கத்தினார். நான் பின் பெஞ்சில் சீனியர் ரெக்கார்டைத் தேடிக்கொண்டிருந்தேன். (ஃபவுண்டேஷனுக்கு ஏதடா சீனியர் என்று கேட்கிறீர்களா? இருந்தான். அவனும் ஃபெயிலாகி வீட்டுக்குப் போனவன்தான். அவனிடம்தான் வாங்கினேன்.)

எழுத்துத் தேர்வுகளில் எப்படியோ கரை தாண்டிவிட்டேன். மிச்சம் இருந்தது இயற்பியல் செய்முறை ஒன்று. சீட்டு எடுத்தோம். எனக்குத் தனி ஊசல்! இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேனே. அப்பா வீட்டில் இஞ்சினியர் சாப்பிட உட்கார்ந்துவிட்டான் என்றே முடிவு செய்தேன்.

மேசைக்குப் போனேன். ஸ்டாண்டு, நூல், குண்டு, ஒரு ஸ்டாப் வாட்ச். வாட்ச்சை அழுத்தினேன். திரையில் ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினேன். செத்துக் கிடந்தது.

இந்த இடத்தில் மூளை உள்ளவன் என்ன செய்வான்? கையைத் தூக்குவான். பக்கத்து மேசையில் அதே சோதனை வாங்கிய கோகிலா என்ற பெண் அதைத்தான் செய்தாள். “மேடம், வாட்ச் ஓடலைங்க.” அவளுக்கு உடனே வேறு வாட்ச் வந்தது. எனக்கு ஏற்பட்டது என்ன தெரியுமா? நிம்மதி. ஓடுகிற வாட்ச் என்றால் அது பாட்டுக்கு ஏதாவது ஒரு எண்ணைக் காட்டும், நான் மனப்பாடம் செய்த எண்ணோடு மோதும், குழப்பம். செத்த வாட்ச் எதிர்த்துப் பேசாது.

எழுத ஆரம்பித்தேன். சும்மா எழுதவில்லை, நடித்தேன். குண்டை ஆட்டிவிட்டு உதட்டை அசைத்து எண்ணினேன். இருபது வந்ததும் வாட்ச்சை அழுத்தி, முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, தலையாட்டி எழுதினேன். நம்பும்படி இருக்கட்டும் என்று ஓர் எண்ணை வேண்டுமென்றே அடித்துத் திருத்தினேன். பன்னிரண்டு அளவுகள். கடைசியில் புவியீர்ப்பு முடுக்கம் ஒன்பது புள்ளி எட்டு என்று விடை எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டேன். கோகிலா அப்போதுதான் நூலின் நீளத்தை இரண்டாவது முறை மாற்றிக்கொண்டிருந்தாள். பாவம், மந்தம் என்று நினைத்தேன்.

நிர்மலா மேடம் வந்தார். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அதுக்குள்ள முடிச்சிட்டியா? எனக்கு ஒரு ரீடிங் எடுத்துக் காட்டு, பாக்கலாம்.”

அப்போதாவது காலில் விழுந்திருக்கலாம். நான் குண்டை ஆட்டினேன். வாட்ச்சை அழுத்தினேன். அவரும் கூடவே எண்ணினார். இருபது. அழுத்தினேன். வெறும் திரையை உற்றுப் பார்த்தேன். பிறகு கணீரென்று சொன்னேன்:

“முப்பத்தஞ்சு புள்ளி எட்டுங்க மேடம்.”

அவர் கையை நீட்டி வாட்ச்சை வாங்கினார். திருப்பிப் பார்த்தார். அறையில் இருந்த அத்தனை ஊசல்களும் நின்றுவிட்டது போல இருந்தது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

மறுநாள் அப்பாவை வரச் சொன்னார்கள். கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். துறைத்தலைவர் ஆங்கிலத்தில் ஏதோ ஆரம்பித்தார். அப்பா அதைக் கேட்காமல் மேசைமேல் இருந்த வாட்ச்சை எடுத்தார். பட்டறை ஆள் அல்லவா, எதிரே ஒரு பொருள் ஓடாமல் கிடந்தால் கை சும்மா இருக்காது. நகத்தால் பின்மூடியைக் கழற்றினார்.

“இதுல பேட்டரியே இல்லீங்களே.”

“ஆமாங்க,” என்றார் நிர்மலா மேடம். “லீவுல கழட்டி வெச்சோம். திரும்பப் போட மறந்துட்டாங்க. அது எங்க தப்புதான்.”

அப்பா முகம் அப்படியே மலர்ந்தது. “அப்பப் பையன் மேல தப்பில்லீங்களே!”

மேடம் என் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். அப்பா ஒவ்வொரு எண்ணாக விரலை வைத்துக்கொண்டே போனார். பன்னிரண்டாவதில் விரல் நின்றது.

“இதெல்லாம் எதுலடா பாத்தே?”

அப்பா மேடம் பக்கம் திரும்பினார். “ஏனுங்க, இவன் எழுதுன விடை தப்புங்களா?”

“சரியான விடைதாங்க.”

“அப்புறம் என்னங்க?”

“அதாங்க பிரச்சினையே. எட்டுன்னு வந்திருந்தாலும் பாஸ் போட்டிருப்பேன், பன்னண்டுன்னு வந்திருந்தாலும் போட்டிருப்பேன். வாட்ச் ஓடலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதுக்கே மார்க் குடுத்திருப்பேன்.”

அப்பா தாளை மேடம் பக்கமே திருப்பி நகர்த்தினார். பிறகு எழுந்து இரண்டு கையையும் கூப்பினார். நகக்கண்களில் கிரீஸ் அப்பியிருந்த கைகள். “இன்னொரு தடவ எழுத வெக்கலாமுங்களா?” துறைத்தலைவர் விதியைச் சொன்னார். அந்தக் கைகள் இறங்குவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தை எந்த வாட்ச்சாலும் அளக்க முடியாது. நான் பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார். சங்ககிரி மலை தெரிந்ததும் ஆரம்பித்தார்.

“பிரேக்கைப் பாக்காமயே பாத்தாச்சுன்னு சொல்லி ஒரு வண்டிய நான் அனுப்பி உட்டிருந்தன்னா, சாமி…” முடிக்கவில்லை. இறங்கும்போது மட்டும் சொன்னார்: “நீ பட்டறைப் பக்கம் வர வேண்டாம்.”

இஞ்சினியர் ஆகாவிட்டால் பட்டறை இருக்கிறது என்று பஸ்ஸில் ஏறும்போது நினைத்திருந்தேன். இறங்கும்போது அதுவும் இல்லை. தபாலில் பி.காம். படித்தேன். புக்கிங் ஆபீஸில் சேர்ந்தேன். பட்டறையை அப்பா கடைசியில் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

ஆனால் முப்பத்தைந்து புள்ளி எட்டு எங்கள் சொந்தத்தில் சிரஞ்சீவியாகிவிட்டது. யாராவது புளுகினால் “முப்பத்தஞ்சு புள்ளி எட்டா?” என்பார் பெரிய மாமா. குழந்தைக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு என்று நான் சொன்னால், என் மனைவி தெர்மாமீட்டரை வாங்கி இன்னொரு முறை பார்ப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், வேறென்ன செய்வது?

அப்பாவுக்கு இப்போது ரத்த அழுத்தம். தினமும் காலையில் மெஷின் வைத்துப் பார்த்து, டாக்டருக்காக நோட்டில் எழுத வேண்டியது என் வேலை. கையில் பட்டையைச் சுற்றும்போதே கேட்பார்:

“பேட்டரி இருக்குதா சாமி?”

“இருக்குதுங்கப்பா.”

எண் வந்ததும் நான் வாசிப்பேன். அவர் மெஷினை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். கண்ணாடி போட்டிருக்க மாட்டார்; அது இல்லாமல் அவருக்கு எதிரே நிற்பது ஆளா மாடா என்றே தெரியாது. ஆனாலும் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தருவார்.

“செரி, எழுது.”