அடுப்படி வழியாக அறுபது அடிச் சாலை

2046-ஆம் ஆண்டில் ஆறுமுகநயினாரின் அடுப்படி வழியாக நாளொன்றுக்குப் பதினோராயிரம் வண்டிகள் போகும் என்று வரைபடம் சொன்னது.

வரைபடம் அவர் வேலை பார்க்கும் திட்ட அலுவலகத்துச் சுவரிலேயே தொங்கியது. 'தென்காசி - குற்றாலம் நீண்டகாலப் போக்குவரத்துத் திட்டம்' என்று தலைப்பு. அதன்கீழ் புது அறுபது அடிச் சாலையைக் குறிக்கும் ஒரு சிவப்புக் கோடு தென்காசியில் புறப்பட்டு, மேலகரத்துக்குள் நுழைந்து, அம்மன் கோயில் தெருவின் கடைசி வீட்டை நடுவாகப் பிளந்துகொண்டு குற்றாலம் போய்ச் சேர்ந்தது. அந்தக் கடைசி வீடு நயினாருடையது. இருபத்திரண்டு வருஷம், ஏழு வாடகை வீடுகள், ஏழு வீட்டுக்காரர்களின் முகச்சுளிப்பு எல்லாவற்றையும் தாண்டிக் கட்டிய வீடு. பால் காய்ச்சிப் பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

கோட்டைப் பார்த்த அன்று அவர் மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மனைவி வேல்விழியிடம் சொன்னார்.

"வீட்ட ஒட்டிப் போகுதா, உள்ள கூடியா?" என்று கேட்டாள் வேல்விழி.

"உள்ள கூடித்தான். அடுப்படில ஏறி, ரெண்டாம் கட்டு வழியா எறங்குது."

"பாத்ரூமாவது தப்பிச்சிருமா?"

"அது நடுரோட்டுத் தடுப்புல வருது. அதுல அரளிச்செடி வைப்பாவ."

வேல்விழி அடுப்பை அணைத்தாள். "நீங்க அந்த ஆபீசுலதான வேல பாக்கிய? ஒரு ரப்பர வச்சு அழிச்சிர முடியாதா?"

முடியாது. நயினார் அங்கே வெறும் உதவியாளர். தபால் பிரிப்பது, மண்டபம் பிடிப்பது, நாற்காலி எண்ணுவதுதான் அவர் வேலை. கோடு போடுகிறவர்கள் எல்லாம் சென்னையில் இருந்தார்கள். அலுவலக ஆள் என்பதால் அவர் வாய் திறந்து ஆட்சேபிக்கவும் கூடாது. ஆனால் ஒரு வழி இருந்தது. பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும். அதில் ஐம்பது பேர் நேரில் வந்து ஆட்சேபித்தால் முடிவை மாற்றியே ஆக வேண்டும் என்று விதி. அந்தக் கூட்டத்துக்குத் தேதி குறிக்கிற பொறுப்பு நயினாரிடம் வந்தது.

வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கையில் ஓர் அதிகாரம் இருப்பதாக அவர் நினைத்தார். அதோடு அவர் நிம்மதி போயிற்று.

அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மன் கோயில் கொடைத் திருவிழா. போலீசில் இருப்பவன், பட்டாளத்தில் இருப்பவன் எல்லோரும் லீவு போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்துவிடுவார்கள். ஆள் சேர்க்க அதைவிட நல்ல நாள் ஏது? செவ்வாய் காலை பதினொரு மணி, இடம் தென்காசியில் ஒரு கல்யாண மண்டபம் என்று முடிவு செய்து, ஆள் ஏற்றிப்போக இரண்டு வேனுக்கும் சொல்லிவிட்டார். பத்திரிகையில் அறிவிப்பும் வந்துவிட்டது. அதன் பிறகுதான் கோயில் தலைவர் குற்றாலீஸ்வரனைப் பார்க்கப் போனார். குற்றாலீஸ்வரன் பட்டாளத்தில் அவில்தாராக இருந்து வந்தவர். மீசை இன்னும் ஓய்வு பெறவில்லை.

"செவ்வாக்கெழமையா? வே, கொடையன்னைக்கு இந்தத் தெருக்காரன் ஒருத்தனும் ஊரெல்ல தாண்ட மாட்டாம்வே. உமக்குத் தெரியாதா?"

நயினாருக்குத் தெரியாது. அவர் சுரண்டைக்காரர்; போன வருஷக் கொடைக்கு ஊரில் இல்லை. "எங்க ஊர்ல அப்படி இல்லியே அண்ணாச்சி."

"அது சொரண்ட. இது மேலகரம்."

"ஒரு மணி நேரம்தான். வேன்ல போயிட்டு வேன்ல வந்துரலாம்."

"தொண்ணூத்தாறுல ஒருத்தன் தாண்டுனான். ரேஷன் கடைல மண்ணெண்ண வாங்கணும்னு."

"அவனுக்கு என்னாச்சு?"

"மண்ணெண்ண கெடைக்கல."

இதற்கு மேல் வாதாட முடியாது என்று நயினாருக்குப் புரிந்தது. வீட்டுக்கு வந்து சுவரைத் தடவிப் பார்த்தார். பூச்சு இன்னும் புதுசாகவே இருந்தது. அழுகை வந்தது, அழுதார்.

மறுநாள் சென்னைக்குப் போன் போட்டார். திட்ட அதிகாரி லோகநாயகி மேடம் நல்ல மாதிரி. ஆனால் தேதியை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்.

"பேப்பர்ல வந்த தேதியை எப்படி சார் மாத்தறது?"

"அப்பம் எடத்த மாத்தலாமா மேடம்? மேலகரத்துலயே, கோயில் பந்தல்ல வச்சிரலாம். சனங்க எல்லாம் அங்கனதான் இருப்பாவ."

"மக்களோட இடத்துக்கே நாம போறதா? ரொம்ப நல்லா இருக்கு. வைங்க, மண்டபத்து வாசல்ல மட்டும் ஒரு போர்டு எழுதி வச்சிருங்க. விஷயத்தை நானே நேர்ல சொல்லிக்கிறேன்."

நயினாருக்குப் பாதி உயிர் வந்தது. மீதி உயிருக்காகக் குற்றாலீஸ்வரனிடம் போனார். அவரும் யோசித்து, பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை சாமிக்கு அலங்காரம், திரை போட்டிருக்கும், மேளக்காரர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள், அந்த ஒரு மணி நேரத்தில் நடத்திக்கொள்ளும் என்றார்.

"ஆனா பந்தல்ல நின்னு காரியம் பாக்கணும்னா கைல காப்பு இருக்கணும்வே."

திங்கள் சாயங்காலம் நயினாரின் மணிக்கட்டில் மஞ்சள் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டார்கள். முடிச்சுப் போட்ட பிறகு குற்றாலீஸ்வரன் சொன்னார்: "இனி கொட முடியுத வரைக்கும் நீரும் எல்ல தாண்டப்பிடாது."

"நாளைக்கு மேடத்த ஆரு கூட்டிட்டு வருவா? நாந்தான் குத்தாலம் போணும்!"

"அத கட்டுததுக்கு முன்னாலல்லா சொல்லிருக்கணும்."

அதே இடத்தில் தெருக்காரர்களை உட்காரவைத்து, நாளைக்கு எல்லோரும் சேர்ந்து சாலை வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று நயினார் கேட்டுக்கொண்டார். யாருக்கும் பெரிய அக்கறை வரவில்லை.

"அந்த ரோட்டுல மினி பஸ் வருமா?" என்றார் ஒருவர்.

"எங்க வீடு போகாதுல்லா?" என்றார் இன்னொருவர்.

உண்மையில் அந்தக் கோட்டில் மாட்டியது நயினாரின் வீடு ஒன்றுதான். மற்றதெல்லாம் தரிசு. ஒரு சுரண்டைக்காரனுடைய அடுப்படிக்காக எவன் தொண்டை வறளக் கத்துவான்? நயினாருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த இருட்டில் வாயிலிருந்து ஒரு பொய் விழுந்தது.

"கோயில் காம்பவுண்டும் போகுது."

குற்றாலீஸ்வரன் சட்டென்று எழுந்தார். "எவம்லே அந்தக் கோட்டப் போட்டவன்?"

அவ்வளவுதான். ஐம்பது பேர் கிடைப்பார்களா என்று ஏங்கிய மனிதருக்கு இருநூறு பேர் கிடைத்தார்கள். ஆனால் நயினாருக்குச் சந்தோஷம் வரவில்லை. சாமி பெயரில் பொய் சொல்லிவிட்டு, கையில் சாமியின் காப்போடு, அம்மனை நேராகப் பார்க்க முடியாமல் தூணைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை. சாரல் விழுந்துகொண்டிருந்தது. காலையிலேயே மேடம் குற்றாலத்தில் நெரிசலைப் பார்வையிடப் போயிருந்தார். அவரை அழைத்துவர ஜீப் டிரைவர் ஜஸ்டின் போயிருந்தான். சரியாகப் பதினொரு மணிக்குத் திரை விழுந்தது. மேளம் நின்றது. இருநூறு பேர் பாயில் உட்கார்ந்து, வரப்போகிற அதிகாரிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

பதினொன்றேகாலுக்கு ஜஸ்டின் போன் செய்தான்.

"அண்ணாச்சி, ஐந்தருவி ரோட்டுல நிக்குதோம். முன்னால ஒரு வேன் நிக்கி. அதுக்கு முன்னால ஒரு வேன் நிக்கி."

"ஆரன் அடிலே!"

"எல்லாரும் அடிக்காங்க அண்ணாச்சி."

பதினொன்றே முக்காலுக்கு மறுபடியும் அவன்தான்.

"நகந்தியா?"

"இல்ல. முன்னால வேன்ல உள்ளவங்க எறங்கி, ரோட்டுலயே உக்காந்து எண்ண தேய்க்க ஆரம்பிச்சிட்டாங்க."

நயினார் ஊர் எல்லைக்கு ஓடினார். எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று குதிகாலைத் தூக்கிப் பார்த்தார். பைக்கை எடுத்துக்கொண்டு வயக்காட்டுப் பாதையில் போனால் கால் மணி நேரத்தில் மேடத்தைக் கொண்டுவந்துவிடலாம். கையில் இருந்த மஞ்சள் துணி விடவில்லை. இத்தனை வருஷம் அரசாங்கத்தில் வேலை பார்த்து, இந்த மூன்று கிலோமீட்டருக்கு ஒரு சந்துகூடப் போட முடியாத திட்டத்துக்குத்தான் நாற்காலி எண்ணியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்குத் திரை விலகியது. மேளம் தொடங்கியது. நாதஸ்வரம், தவில், பம்பை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, எட்டுக் குழாய் ஒலிபெருக்கி வழியாகத் தெருவை உலுக்கின. பெண்கள் குலவையிட்டார்கள். சாமியாடிக்குச் சாமி வந்துவிட்டது. பன்னிரண்டு இருபத்தைந்துக்கு ஜீப் வந்து நின்றது.

மேடம் கைக்கடிகாரத்தைக் காட்டினார். ஜஸ்டின் நயினாரின் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினான்: "ரெண்டு மணிக்கு ரயிலு! பத்து நிமிசந்தான் இருப்பாவ!"

நயினார் குற்றாலீஸ்வரனிடம் ஓடினார். "அண்ணாச்சி, பத்து நிமிசம் மேளத்த நிறுத்தச் சொல்லுங்க!"

"சாமி எறங்கியாச்சு. இப்பம் நிறுத்துனா ஆரு பொறுப்பு? நீரா?"

ஏற்கெனவே ஒரு பொய்க்குப் பொறுப்பேற்றிருந்த நயினாருக்கு அந்தத் தைரியம் இல்லை. மேடம் பேசுவது யாருக்கும் கேட்கப்போவதில்லை. கேட்காவிட்டால் என்ன, கத்தத்தானே வேண்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பாய் பாயாகப் போய்ச் சொன்னார்.

"அவிய பேசி முடிச்சு நம்மளப் பாக்கும்போது நான் துண்டத் தூக்குவேன். எல்லாரும் 'ஒத்துக்க மாட்டோம்'னு சொல்லணும். மறந்துராதிய!"

மேடம் பந்தலின் முன்னால் நின்றார். ஓலைக்கிடையே சாரல் சொட்டியதால் ஜஸ்டின் அவருக்குக் குடை பிடித்தான். கையிலிருந்த தாளைப் பார்த்து மேடம் ஏதோ படித்தார். உதடு அசைவது மட்டும் தெரிந்தது. பிறகு தாளை மடித்துவிட்டு, புன்னகையோடு கூட்டத்தைப் பார்த்தார்.

நயினார் துண்டைத் தூக்கினார்.

"ஒத்துக்க மாட்டோம்!"

மேளத்தையும் மீறி அது எழுந்தது. மேடத்தின் புன்னகை அப்படியே நின்றுவிட்டது. ஜஸ்டினிடம் ஏதோ கேட்டார்; அவன் தோளைக் குலுக்கினான். அவர் மறுபடியும், கையை விரித்து, பொறுமையாக ஏதோ விளக்கினார். நயினாருக்கு அந்தப் பொறுமை பிடிக்கவில்லை. இனிக்க இனிக்கப் பேசித்தானே எல்லா வீட்டையும் இடிக்கிறார்கள்! துண்டைத் தூக்கினார்.

"ஒத்துக்க மாட்டோம்! ஒத்துக்கவே மாட்டோம்!"

குற்றாலீஸ்வரன் மீசை துடிக்க எழுந்து நின்றார். தெருவே எழுந்து நின்றது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மூன்றாவது முறையாக, விரலை உயர்த்தி ஒரே ஒரு வாக்கியம் கேட்டார். துண்டு மேலே போவதற்கு முன்பே சத்தம் போய்விட்டது. சாமியாடி ஒரே பாய்ச்சலில் மேடத்தின் முன்னால் வந்து குதித்து, நெற்றி நிறையத் திருநீற்றைப் பூசினார். பெண்கள் குலவையிட்டார்கள்.

மேடம் கண் கலங்கிவிட்டார். கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார். குடைக்கடியில் நின்றபடியே தாளில் எதையோ அடித்து, எதையோ எழுதி, கையெழுத்துப் போட்டார். போகிற போக்கில் நயினாரின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். கேட்கவில்லை, ஆனால் தலையசைப்பு புரிந்தது. மாற்றிவிட்டேன் என்கிற தலையசைப்பு.

ஜீப் போனதும் நயினார் பாயில் உட்கார்ந்துவிட்டார். குற்றாலீஸ்வரன் வந்து தோளில் தட்டி, "இனி நீரும் இந்தத் தெருக்காரன்தாம்வே" என்றார். ஒரு வருஷத்துக்கு மேலாக அந்தத் தெருவில் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவர் நிமிர்ந்து அம்மனை நேராகப் பார்த்தார். அம்மன் கோபமாக இருப்பதாகத் தெரியவில்லை.

வேல்விழி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடுப்படில அந்த அலமாரி வேலைய நிறுத்தி வச்சோம்லா? ஆசாரிய நாளைக்கே வரச் சொல்லுங்க."

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜஸ்டின், மேடத்தை ரயிலேற்றிவிட்டு, கூட்ட நடவடிக்கைத் தாளில் நயினாரின் கையெழுத்து வாங்க வீட்டுக்கு வந்தான். நயினார் அவன் கையில் பாயசத்தைக் கொடுத்து, "உக்காரு தம்பி, நல்லா குடி" என்றார். ஜஸ்டின் உட்காரவில்லை. பாயசத்தைக் குடிக்கவும் இல்லை. புதுச்சுவரை ஒரு தடவை சுற்றிப் பார்த்தான்.

"என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டிய? 'ஒரே ஒரு வீடு போகுதேன்னு இந்த ரோட்டப் போன மாசமே வேண்டாம்னு விட்டுட்டோம், உங்களுக்குச் சம்மதந்தானே'ன்னு மேடம் மூணு தடவ கேட்டாவ... மூணு தடவயும் ஊரே சேந்து ஒத்துக்க மாட்டோம்னுட்டிய. சனங்க இவ்வளவு ஆசப்படுதாவளேன்னு இப்பம் அறுபது அடிய எம்பது அடியாக்கில்லா எழுதிட்டாவ!"