செல்லத்தின் வருத்தம்

ஒரு விஷயத்திலாவது என் சொல் செல்லவேண்டும் என்று நான் முடிவெடுத்தது, கம்பனியில் புதிய மருத்துவத் திட்டம் வந்த அன்றைக்குத்தான்.

என் மனைவியின் பெயர் செல்லம். பெயரிலேயே வினை. எங்கள் வீட்டில் நான் சொன்னால் செல்லாது, செல்லம் சொன்னால்தான் செல்லும். என்ன மீன், என்ன திரைச்சீலை, வெள்ளிக்கிழமை யார் வீட்டுக்குப் போவது, எல்லாம் அவள். நான் அபுதாபிப் பக்கத்து ருவைஸ் எண்ணெய் ஆலையில் ஸ்டோர் கீப்பர். ஆலைக்குள் ஒரு ஆணி வேண்டுமென்றாலும் மகேசன் என்ற என் கையெழுத்து வேண்டும். வீட்டில் ஒரு ஆணி அடிக்க எனக்குச் செல்லத்தின் அனுமதி வேண்டும்.

அது எண்பத்தாறாம் ஆண்டு. திட்டம் இதுதான். குடும்பத்தோடு இருப்பவர்கள் கம்பனி கிளினிக்கில் ஒரு வைத்தியரைத் தங்கள் குடும்ப வைத்தியராகத் தெரிந்தெடுக்க வேண்டும். தும்மினாலும் துடித்தாலும் முதலில் அவரிடம்தான் போகவேண்டும். அவர் எழுதித் தந்தால்தான் அபுதாபிப் பெரியாஸ்பத்திரி. ஒருவரைத் தெரிந்தெடுத்தால் ஒரு வருடத்துக்கு மாற்ற முடியாது. கிட்டத்தட்டக் கலியாணம் மாதிரி. ஆனால் கலியாணத்தில் இந்த ஒரு வருடச் சலுகை இல்லை.

கிளினிக்கில் இரண்டு பேர். ஒருவர் மதுரைப் பக்கத்து லேடி டொக்டர். மற்றவர் சூடான்காரர், டொக்டர் உஸ்மான்.

"மதுரை டொக்டரைப் போடுங்கோ," என்றாள் செல்லம். "அவவெண்டால் தமிழில கதைக்கலாம்."

"அவவிட்டை எந்த நேரமும் சனம். காத்திருக்கவேணும்."

"காத்திருந்தால் என்ன? நான் என்ன ரெயில் பிடிக்கவே போறன்?"

அவள் தமிழில் கதைப்பாள் என்பதுதான் என் பயம். ஒரு தமிழ் டொக்டரும் செல்லமும் ஒரு அறைக்குள் இருந்தால் பேச்சு தலையிடியில் தொடங்கி என்னில்தான் முடியும். என்னில் தொடங்கினால் ஓவர்டைமில் முடியும். நான் கிழமையில் நாலைந்து நாள் ஓவர்டைம் செய்கிறவன். அதில் பாதி ஆலையில். மீதிப் பாதி தனியாட்கள் இருக்கும் பாச்சிலர் காம்ப்பில், என் சிநேகிதன் மார்க்கண்டுவின் அறையில். முந்நூற்றிநாலு என்று எங்கள் ஊர்ச் சீட்டாட்டம் ஒன்று இருக்கிறது. உட்கார்ந்தால் எழும்ப மனம் வராது.

உஸ்மானுக்குத் தமிழ் தெரியாது. செல்லத்துக்கு இங்கிலீஷ் வராது. நடுவில் நான். யோசித்துப் பார்த்தேன். உலகத்திலேயே ஒரேயொரு அறையில் செல்லத்தின் பேச்சு என் வாய்வழியாகத்தான் போகும். அந்த அறையை விடலாமா? உஸ்மானின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து சொன்னேன்.

"சரி," என்றாள் செல்லம்.

அவள் சரி என்றால் சரியில்லை என்று அர்த்தம். அன்றைக்கு வெற்றி மயக்கத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

கொஞ்ச நாளில் செல்லம் சோர்ந்துபோனாள். பக்கத்து வீட்டு ஜொஹரா கீழக்கரைப் பெண். "என்னக்கா, முகமே சரியில்லையே?" என்று கேட்டாள்.

"வருத்தமாக் கிடக்கு," என்றாள் இவள்.

"யாரு மேலக்கா வருத்தம்?"

எங்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய். அவர்கள் ஊரில் வருத்தம் என்றால் மனக்கவலை. இதை ஜொஹராவுக்கு விளக்கிவிட்டு, செல்லத்தைக் கூட்டிக்கொண்டு உஸ்மானிடம் போனேன்.

உஸ்மான் நெடிய மனிதர். எதையும் ஆறுதலாகத்தான் செய்வார். பக்கத்தில் ஏலியாம்மா என்ற மலையாள நர்ஸ் காய்ச்சல் பார்க்கும் குழாயை உதறிக்கொண்டு நின்றாள். நான் கதிரையை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கொரு பதவி.

"என்ன செய்கிறது என்று கேளுங்கள்," என்றார் உஸ்மான் இங்கிலீஷில்.

"என்ன செய்யுது உமக்கு?" என்றேன் தமிழில்.

செல்லம் என்னைப் பார்த்தே சொன்னாள். "பின்னேரமானால் நெஞ்சுக்குள்ள ஏதோ வந்து அடைக்குது. குசினி யன்னலாலை பாத்தால் கடல் தெரியும். அதையே பாத்துக்கொண்டு நிப்பன். கலியாணம் கட்டி அஞ்சு வரியத்தில இந்த மனுசனை லீவில மட்டுந்தான் கண்டனான். இஞ்சை வந்தால் ஒவ்வொரு நாளும் காணலாம் எண்டு கடல் தாண்டி வந்தன். இஞ்சை வந்தும் லீவில காணுற மாதிரித்தான் காணுறன். கதவு திறக்கிற சத்தம் கேக்குமோ எண்டு காது வாசல்லையே நிக்குது. ஒரு வாய் தேத்தண்ணி இறங்குதில்லை."

டொக்டரும் செல்லமும் என் வாயைப் பார்த்தார்கள். செருமிக்கொண்டேன்.

"காஸ், டொக்டர்," என்றேன்.

உஸ்மான் பேனாவைத் தூக்கியபடி இருந்தார். "நிறைய நேரம் பேசினாரே."

"தமிழ் பழைய மொழி, டொக்டர். எதையும் ஆதியிலிருந்துதான் தொடங்கும்."

ருவைஸில் நிலத்துக்குக் கீழேயும் காஸ், மேலேயும் காஸ். அதனால் அவர் மறுத்து ஒன்றும் சொல்லாமல் ஒரு ரோஸ் நிற மருந்து எழுதித் தந்தார்.

வெளியில் வந்ததும் செல்லம் கேட்டாள். "நான் சொன்னதெல்லாம் சொன்னீங்களோ?"

"ஒரு சொல்லும் விடேல்லை," என்றேன். அது முழுப் பொய்யும் அல்ல. ஒரு சொல் சொல்லித்தான் இருந்தேன்.

ரோஸ் மருந்து முடிந்தது. வருத்தம் முடியவில்லை. திரும்பவும் போனோம்.

"நித்திரை வருகுதில்லை," என்றாள். "கண்ணை மூடினால் அம்மாவின்ர குரல் கேக்குது. ஊருக்கு ரெலிபோனும் இல்லை, ஆக்களிட்டைச் சொல்லிவிட வழியுமில்லை. எழும்பி இருப்பன். பக்கத்தில இவர் நல்ல நித்திரை. எழுப்பி நாலு கதை கதைப்பம் எண்டு கை போகும். பாவம், வேலை செய்து களைச்ச மனுசன் எண்டு கையை எடுத்திடுவன். வேலையோ என்னவோ."

இதை அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் நித்திரையில்லை என்றால் உஸ்மான் ஏன் என்று கேட்பார். நெஞ்சு என்றால் அபுதாபிக்கு எழுதிவிடுவார், ஒருநாள் போய்விடும், பின்னேரமும் போய்விடும். அன்றைக்கு மார்க்கண்டுவின் அறையில் நாலாவது ஆள் நான்தான். நெஞ்சிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் போகலாம் என்று பார்த்தேன்.

"முழங்கால் நோவு, டொக்டர்."

உஸ்மான் எழும்பி வந்து ஒரு சின்ன ரப்பர்ச் சுத்தியலால் செல்லத்தின் முழங்காலில் தட்டினார். கால் துள்ளியது. மற்றதிலும் தட்டினார்.

"இஞ்சாருங்கோ," என்றாள் செல்லம் பயந்த முகத்தோடு. "நித்திரை வருகுதில்லை எண்டு சொல்ல, இவர் ஏன் காலில தட்டுறார்?"

"சூடானில அப்பிடித்தான். நித்திரை காலாலைதானாம் வாறது."

ஏலியாம்மாவுக்கு இருமல் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனாள்.

அன்றைக்குச் சீட்டில் எனக்கு நல்ல கை. இருந்தும் தோற்றேன். மார்க்கண்டு என்னை இரண்டு தடவை தட்டி, "உன்ர இறக்கம்," என்று சொல்லவேண்டி வந்தது. காது வேறெங்கோ நின்றது. ஆனாலும் ஆட்டம் முடியும்வரை எழும்பவில்லை.

அடுத்த கிழமை கிளினிக்கிலிருந்து ஆள் வந்தது. திட்டத்தில் சேர்ந்த எல்லாரையும் குடும்ப வைத்தியர் ஒருமுறை பரிசோதிக்க வேண்டுமாம். மனைவியும் வரவேண்டுமாம்.

போனால், என் கதிரையில் ஏலியாம்மா இருந்தாள்.

"உட்காருங்கள், மகேசன்," என்றார் உஸ்மான், மற்றக் கதிரையைக் காட்டி. "இன்றைக்கு நோயாளி நீங்கள்."

கையில் பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். கூட என்றார். பார்த்த பிறகு இன்னும் கூடியிருக்கும். ஏனென்றால் அவர் அடுத்துச் சொன்னது இது.

"உங்கள் மனைவிக்கு காஸ் இல்லை என்று ஏலியாம்மா முதல்நாளே எனக்குச் சொல்லிவிட்டார். நான் பொறுத்திருந்தேன். ஒரு மனிதன் மனைவி சொன்னதை ஒருதடவை மாற்றிச் சொல்லலாம், அடுத்த தடவை திருத்துவான் என்று நினைத்தேன். நீங்கள் முழங்காலைக் கொண்டுவந்தீர்கள்."

நான் ஏலியாம்மாவைப் பார்த்தேன். "உமக்கு எங்கடை தமிழ் விளங்குமோ? மெட்ராஸ்காரருக்கே விளங்காதே. மலையாளம் மாதிரி இருக்கு எண்டு சொல்லுவினம்."

"ஆமா சார்," என்றாள் அவள். "எனக்கும் மலையாளம் மாதிரிதான் இருந்துச்சு. அதான் நல்லா புரிஞ்சுது. மிச்சம் கோயமுத்தூர்ல நர்சிங் படிச்சப்ப கத்துக்கிட்ட தமிழ். சேச்சி வாசல்ல வச்சே 'எனக்கு வருத்தம்'னு சொன்னாங்க. டாக்டர்கிட்ட துக்கம்னு சொன்னேன். தப்பா சார்?"

தப்புத்தான். எங்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய். விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். செல்லம் தலையைக் குனிந்தபடி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இல்லை. சரியாத்தான் சொல்லியிருக்கிறீர்," என்றேன்.

மொழிபெயர்ப்பாளனாக நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அது.

உஸ்மான் விடவில்லை. ஓவர்டைமில் இவர் என்ன வேலை செய்கிறார் என்று செல்லத்தைக் கேட்டார். ஏலியாம்மா அதைத் தமிழில் கேட்டாள்.

"இருக்கிற வேலை," என்றாள் செல்லம். "மார்க்கண்டு அண்ணையின்ர அறையில. காலை மடிச்சால் மடிச்சதுதான். சிகரெட் புகைக்குள்ள ஒரே இருப்பு. ஜொஹராவின்ர மனுசன் எத்தினை தரம் கண்டவர்."

நானென்றால் ஒரு சொல்லில் முடித்திருப்பேன். ஏலியாம்மா புகையைக்கூட விடவில்லை.

உஸ்மான் ஆறுதலாக எழுதினார். மூன்று மாதத்துக்கு ஓவர்டைம் கூடாது. ஒரே இடத்தில் நெடுநேரம் உட்காரக் கூடாது. ஒவ்வொரு பின்னேரமும் கடற்கரையில் நடக்க வேண்டும். தனியாக நடக்கக் கூடாது, பிரஷர்காரன், பக்கத்தில் மனைவி இருக்க வேண்டும்.

நான் நேரே கம்பனி ஆபீஸுக்குப் போனேன். அங்கே சேதுராமன் என்ற கும்பகோணத்துக்காரர் இந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டொக்டரை மாத்தவேணும்."

"ஒரு வருஷம் ஆகணுமே சார்."

"இது அவசரம்."

"அவசரம்னா டாக்டர்கிட்ட போங்க சார்."

"டொக்டர்தான் அவசரம்."

"நீங்களேதானே தேடித் தேர்ந்தெடுத்தீங்க," என்றார் அவர். "எல்லாரும் அந்த லேடி டாக்டரைக் கேட்டு அடிச்சுக்கறப்ப, நீங்க ஒருத்தர்தான் உஸ்மான்தான் வேணும்னு நின்னீங்க. அவருக்கே ரொம்ப சந்தோஷம்."

மார்க்கண்டு என் இடத்துக்கு வேறு ஆள் பிடித்துவிட்டான். நான் நடக்கத் தொடங்கினேன்.

முதல் நாட்களில் இருவரும் ஒன்றும் பேசவில்லை. மணல், கடல், தூரத்தில் ஆலையின் நெருப்புக் கொழுந்து. எங்களுக்குப் பழக்கமில்லை. லீவில் வந்து நின்ற நாட்களில் எப்போதும் சுற்றிவர ஆட்கள். பக்கத்தில் நடந்து பார்த்ததே இல்லை. அவள் என்னைவிட வேகமாக நடப்பாள் என்பதே எனக்குப் புதுச் செய்தி. நான் பின்தங்கினால் நின்று பார்ப்பாள். கூப்பிட மாட்டாள். அப்படி நின்று பார்த்த ஒரு பொழுதில், இவள் எனக்காக எத்தனை பின்னேரம் இப்படி நின்றிருப்பாள் என்று தோன்றியது. வேகமாக நடந்து போய்ச் சேர்ந்தேன்.

ஒருநாள் எதிரில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நாயோடு வந்தாள். எங்கள் சீஃப் எஞ்சினியரின் மனைவி. செல்லத்தைக் கண்டதும் நின்றாள். இருவரும் காற்றைப் பற்றி, மீன் விலையைப் பற்றி, நாயின் சாப்பாட்டைப் பற்றிக் கதைத்தார்கள். இங்கிலீஷில். என்னைவிட நல்ல இங்கிலீஷில்.

அவள் போனதும் கேட்டேன். "எங்கை பழகினனீர்?"

"ரெலிவிசனில. நீங்கள் வராத பின்னேரங்களில."

நான் கொஞ்சத் தூரம் நடந்தேன்.

"அப்ப நான் காஸ் எண்டு சொன்னது?"

"விளங்கினது."

"முழங்கால்?"

"அதுவும்."

"விளங்கியும் ஏன் பேசாமல் இருந்தனீர்? நீரே டொக்டருக்குச் சொல்லியிருக்கலாமே."

"டொக்டருக்குச் சொல்ல ஆர் வந்தது?" என்றாள் செல்லம். நடையை நிறுத்தவில்லை. "மொழிபெயர்க்கிறதெண்டால் நான் சொல்லி முடிக்குமட்டும் நீங்கள் கேக்கத்தானே வேணும். வேறை எங்கை கேட்டனீங்கள்?"

கடல் பக்கம் பார்த்தேன். பார்க்க ஒன்றும் இல்லை, இருந்தாலும் பார்த்தேன்.

"இஞ்சை பாரும்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இனி ஒரு அறையும் வேண்டாம், டொக்டரும் வேண்டாம். மனசில இருக்கிறதெல்லாம் இப்ப என்னட்டைச் சொல்லும். விடியுமட்டும் சொன்னாலும் கேக்கிறன்."

செல்லம் நின்றாள். செருப்பைக் கழற்றி, உள்ளே போன மணலைத் தட்டி, திரும்பவும் போட்டுக்கொண்டாள். நான் இரண்டு காதையும் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"இப்ப ஒண்டுமில்லை," என்றாள். "பேசாமல் நடவுங்கோ."