பன்னிரண்டு மணித்தியாலமும் ரெண்டு ஸ்கெல்விக்கும்

“தம்பி, உந்தக் குழாய்க்குள்ள நான் துப்ப வேணுமாமோ?” எண்டு கேட்டார் தேவதாசன் அங்கிள்.

“ஓம் அங்கிள். அந்தக் கோடு வரைக்கும். நுரை வரக்கூடாதாம்.”

அவற்ற மனிசி, அன்ரி, தேத்தண்ணித் தட்டோட அப்பிடியே நிண்டிட்டா.

“வீட்டுக்கு முதன்முதல் வந்த மனிசன் துப்பல் கேக்குதே! ஆர் உது? இமிகிரேசன் ஆளோ?”

“இல்லை அன்ரி. சொந்தக்காரராம்.”

அன்ரி சோபாவில இருந்த மனிசனைப் பாத்தா. எழுபத்தாறு வயசு வெள்ளைக்காரர், ரெண்டு காதும் சிவப்பு, மடியில ஒரு பெரிய ஃபைல். பிறகு பக்கத்தில இருந்த தன்ர மனிசனைப் பாத்தா.

“ஆற்ற பக்கத்தால?” எண்டு கேட்டா.

அந்த வெள்ளைக்காரரின்ர பேர் மிஸ்டர் ஸ்கெல்விக். அந்த அங்கிளின்ர முழுப் பேர் தேவதாசன் ஸ்கெல்விக். இதுதான் பிரச்சினை. இது நடந்தது போன வியாழக்கிழமை, கனடாவில, ஸ்காபரோ டோர்செட் பார்க்கில, பதினோராம் மாடியில இருக்கிற அங்கிள் வீட்டில.

எனக்கு அந்த நேரம் ஒரே ஒரு யோசனைதான். என்ர ஃபோமில கையெழுத்து விழ வேணும்!

விளங்காதவைக்குச் சொல்லுறன். இஞ்ச ஹைஸ்கூல் முடிக்க நாப்பது மணித்தியாலம் சம்பளமில்லாமல் ஆருக்காவது வேலை செய்து காட்ட வேணும். அதுக்கு நாலு வருசம் தருவினம். நாலு வருசத்தில நான் செய்தது இருபத்தெட்டு. மிச்சத்தை ஏன் செய்யேல்லை எண்டு கேக்காதேங்கோ. பஞ்சி, வெறும் சோம்பல். வேற ஒரு காரணமும் இல்லை.

பாடமெல்லாம் பாஸ். எலெக்ட்ரீசியன் வேலை பழக இடமும் கிடைச்சிட்டுது. ஆனா டிப்ளோமாவைக் காட்டினாத்தான் எடுப்பினம். ஸ்கூல் கவுன்சிலர் மிஸ் வடிவாச் சொல்லிட்டா: “வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு முன்னம் மிச்சப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கும் கையெழுத்து. இல்லாட்டி டிப்ளோமா இல்லை.”

இதைச் சொன்னது திங்கட்கிழமை காலமை.

வழி சொன்னது அம்மா. “மூலைவீட்டு வெள்ளைக்காரரிட்டப் போ. அந்த மனிசன் தனிய இருந்து பேப்பர் அடுக்குது. வயசு போனவைக்கு உதவி செய்தாலும் கணக்காம்.”

நாங்கள் ஸ்காபரோவில ரூஜ் பக்கம் இருக்கிறம். புது வீடுகளுக்கு நடுவில ஒரே ஒரு பழைய வீடு இடிபடாமல் நிக்குது. அதுதான் அவற்ற. போய்க் கதவைத் தட்டினன். “சேர், நாளுக்கு மூண்டு மணித்தியாலம், நாலு நாள். என்ன வேலையெண்டாலும் செய்வன்” எண்டன்.

என்ன வேலையெண்டாலும் எண்டு ஒருநாளும் சொல்லக்கூடாது.

உள்ளுக்கு ஒரு சுவர் முழுக்க இங்கிலண்ட் மேப். பக்கத்தில கனடா, நியூசிலண்ட். எல்லாத்திலயும் குண்டூசி. ஸ்கெல்விக் எண்ட பேர் உலகத்தில எங்கெங்க இருக்கெண்டு இருபது வருசமா ஊசி குத்திக்கொண்டிருக்கிறார் மனிசன்.

“மிகவும் அரிய பேர்” எண்டார். அவர் இங்கிலிஸிலதான் கதைச்சவர். நான் தமிழில போடுறன். “வட இங்கிலண்டில, ஒரு ஆத்தங்கரையில ஒரே ஒரு பண்ணை. ‘ஸ்கெல்’ எண்டால் சத்தம் போடுற ஆறு. ‘விக்’ எண்டால் பண்ணை. அந்த ஒரு பண்ணையில இருந்துதான் இந்தப் பேரோட எல்லாரும் வந்தவை. ஸ்கெல்விக் எண்டு ஆரைக் கண்டாலும் அவர் எனக்குச் சொந்தம்.”

“இப்ப அந்தப் பண்ணையில ஆர் இருக்கினம்?”

“செம்மறியாடு.”

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அவருக்கு வரேல்லை.

திங்களும் செவ்வாயும் அவர் வாசிக்க வாசிக்க நான் ஊசி குத்தினன். மூண்டு பள்ளத்தாக்கில அடர்த்தியா இருக்கு. அதுக்குக் கிழக்கால ஒரு துறைமுகத்தில ஒரு கொத்து, கப்பல் வேலைக்குப் போனவையாம். தெற்கால ஒண்டும் இல்லை. லண்டனில ஒரே ஒரு ஆள். அவரும் ஏதோ சண்டையில கோவிச்சுக்கொண்டு போனவராம். கனடாவில மூண்டு ஊசி, அதில ரெண்டு செத்துப்போச்சினம். மிச்சம் இவர்தான். பிள்ளையும் இல்லை.

புதன்கிழமை அவர் ஒரு பழைய ரெலிபோன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். எழுபத்தாறு வயசு மனிசன், ஓட்டம்!

“ஸ்காபரோவில இன்னொரு ஸ்கெல்விக்! டோர்செட் பார்க்கில! இத்தினை வருசமா என்ர மூக்குக்குக் கீழ! ஆனா முதற்பேரை எப்பிடி வாசிக்கிறது?”

எட்டிப் பாத்தன். தேவதாசன்.

எனக்கு உடனயே விளங்கிட்டுது. எங்கட வீட்டுக் கதையும் இதுதானே! என்ர கடைசிப் பேர் அப்பான்ர முதற்பேர். அப்பான்ர கடைசிப் பேர் அப்பப்பான்ர முதற்பேர். எனக்குப் பிள்ளை பிறந்தா அதின்ர கடைசிப் பேர் நான். ஒவ்வொரு தலைமுறைக்கும் பேர் மாறும். ஒரு பண்ணையும் இல்லை, ஒரு ஆறும் இல்லை.

“சேர், இவர் உங்கட சொந்தம் இல்லை. அது அவற்ற அப்பான்ர பேர்” எண்டன்.

“அப்பாவின்ர பேர்தானே! என்ர கடைசிப் பேரும் என்ர அப்பாவின்ர பேர்தான்!”

“இல்லை சேர், இது அப்பான்ர முதற்பேர்.”

“ஸ்கெல்விக் ஒருநாளும் முதற்பேரா இருந்ததில்லை. இருபது வருசமா நான் தேடுறன்.”

ரெண்டு தரம் சொன்னன். மூண்டாந்தரம் சொல்லேல்லை. மூண்டாந்தரம் விளங்கப்படுத்த நிண்டா இரவாகும், எனக்குப் பசி வேற. அவர் ரெலிபோனை என்ர கையில தந்து, “உன்ர மொழிதானே, எடு” எண்டார்.

எடுத்தன்.

“ஹலோ, ஸ்கெல்விக் அங்கிளோ?”

“அப்பா செத்து முப்பது வருசம். நீர் ஆர் கதைக்கிறது?”

பாத்தீங்களா! அந்த இடத்திலயே நான் திரும்பி “சேர், செத்துப்போனாராம்” எண்டு சொல்லி முடிச்சிருக்கலாம். நான் என்ன செய்தன்? “அங்கிள், உங்களைப் பாக்க ஒராள் வரவேணும் எண்டுறார்” எண்டன். எங்கட சனத்திட்ட இதைச் சொன்னா என்ன பதில் வரும் எண்டு எல்லாருக்கும் தெரியும்.

“வரட்டும், வரட்டும். சாப்பாட்டுக்கே வரச்சொல்லும்.”

அப்பிடித்தான் வியாழக்கிழமை கார் ஏறினம். மிஸ்டர் ஸ்கெல்விக் ஓடின வேகத்துக்கு எங்களைக் கடந்து போன பஸ்ஸில இருந்த ஒரு சின்னப்பிள்ளை எனக்கு டாட்டா காட்டிச்சுது.

பதினோராம் மாடியில கதவு திறந்த நேரம் தொடங்கின விசாரணை. மிஸ்டர் ஸ்கெல்விக் ஃபைலைத் திறந்து, “உங்கட ஆக்கள் எந்தப் பள்ளத்தாக்கு?” எண்டார். அன்ரி விடுவாவே?

“தம்பி, உவருக்கு இங்கிலண்டில எவ்விடமாம்?”

“வடக்குப் பக்கமாம் அன்ரி.”

“எங்கட அக்கான்ர மூத்தவள் லண்டனில ஹரோவில இருக்கிறாள். தெரியுமோ எண்டு கேள்.”

கேட்டன். அவர் ஃபைலில தேடினார். உண்மையாத் தேடினார்! “ஹரோவில எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை” எண்டார்.

“தாய்வழி ஆராம்? எத்தினை சகோதரமாம்? கலியாணம் எங்க செய்தவராம்?”

இதே கேள்வியை அவரும் அந்தப் பக்கத்தால கேட்டுக்கொண்டிருக்கிறார். ரெண்டு பேரும் ஒரே வேலைதான் செய்யினம். அவருக்கு ஊசி வேணும். அன்ரிக்கு வாயே போதும்.

இந்த நேரத்திலதான் அவர் பையுக்குள்ள இருந்து, சொந்தமோ எண்டு டிஎன்ஏ பாக்கிற துப்பல் குழாயை எடுத்தது. மிச்சம் உங்களுக்குத் தெரியும். “ஆற்ற பக்கத்தால?” எண்டு கேட்டுப்போட்டு அன்ரி நிக்கிறா. அங்கிள் குழாயை வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாக்கிறார். மிஸ்டர் ஸ்கெல்விக் கையைக் கட்டிக்கொண்டு, பிள்ளைப்பேறு வாட்டில நிக்கிற தகப்பன் மாதிரி இருக்கிறார்.

எனக்குத் தாங்கேல்லை. “அங்கிள், துப்ப முதல் சொல்லுங்கோ. உங்கட அப்பாவுக்கு ஏன் உந்தப் பேர் வச்சவை?” எண்டன்.

அங்கிள் குழாயைக் கீழ வச்சார். அவருக்கு இங்கிலிஸ் நல்லா வரும். மெஷின் ஷொப்பில ஃபோர்மனா இருந்த மனிசன். நேர அவரிட்டயே சொன்னார்.

“பம்ப்.”

“என்ன?” எண்டார் மிஸ்டர் ஸ்கெல்விக்.

“தண்ணிப் பம்ப். எங்கட ஊர் தீவுப்பக்கம். எல்லாக் கிணறும் உப்பு. கோயில் வளவில ஒரு கைப்பம்ப் பூட்டினவை, அதில மட்டும் நல்ல தண்ணி. அதில ஒரு இரும்புத் தகடு. ‘ஸ்கெல்விக் அண்ட் சன்ஸ்’ எண்டு எழுதியிருந்தது. என்ர அப்பப்பா அதை வாசிச்சுப்போட்டு, இந்தப் பேர் வச்சா ஆம்பிளைப் பிள்ளையள் நிறையப் பிறக்கும் எண்டு தன்ர மகனுக்கு வச்சவர்.”

“பிறந்ததா?”

“அப்பாவுக்கு ஆறு பொம்பிளைப் பிள்ளையள். பேந்து நான்.”

மிஸ்டர் ஸ்கெல்விக் ஃபைலை மூடினார்.

அன்ரி என்ர காதுக்குள்ள, “அப்ப பம்ப்தான் சொந்தமோ? அதுக்குத் துப்பல் வராதே” எண்டா.

சரி, முடிஞ்சுது எண்டு நினைச்சன். இருபது வருச ஆராய்ச்சி ஒரு பம்பில போய் முட்டிட்டுது. மனிசன் எழும்பிப் போகப்போறார். கையெழுத்தும் போகப்போகுது. நாளைக்கு மத்தியானம் நான் டிப்ளோமா இல்லாத ஆள்.

மிஸ்டர் ஸ்கெல்விக் மெதுவாக் கேட்டார். “என்ன நிறம்?”

“பச்சை.”

“கைப்பிடி வளைஞ்சிருந்ததா?”

“பாம்பு மாதிரி.”

“அது என்ர பாட்டன்ர தம்பியின்ர பட்டறை! துறைமுகத்தில இருந்தது! பச்சையைத் தவிர வேற நிறம் அவர் அடிக்கவே இல்லை!”

எழும்பி அங்கிளின்ர ரெண்டு கையையும் பிடிச்சார். அங்கிளும் எழும்பினார். ஏன் எழும்பினவர் எண்டு அவருக்கே தெரியாது. பிறகு மனிசன் பேனையை எடுத்து, “உங்கட பிள்ளையள்? அவையும் ஸ்கெல்விக்தானே?” எண்டார்.

“இல்லை. அவையின்ர கடைசிப் பேர் தேவதாசன்.”

“அப்ப இந்தப் பேர் உங்களோட நிக்குது.”

“ஓம்.”

“என்னோடயும்” எண்டார்.

அந்த நேரத்தில ஃபோமை நீட்ட எனக்கு வெக்கமாத்தான் இருந்தது. நீட்டினன்.

மிஸ்டர் ஸ்கெல்விக் கண்ணாடியைப் போட்டார். எழுதினார். திருப்பித் தந்தார். பாத்தா, பதினொண்டு!

“சேர், பன்னிரண்டு!”

“செவ்வாய்க்கிழமை நீ ஒரு மணித்தியாலம் கழிவறையில ஃபோன் பாத்துக்கொண்டிருந்தாய். நான் பிழையான தகவலில கையெழுத்துப் போடமாட்டன்.”

ஐம்பது நிமிசம்தான். ஆனா அதை எப்பிடிச் சொல்லுறது?

அழுகை வாற நிலைமை. அன்ரி என்ர முகத்தைப் பாத்தா, தன்ர மனிசனைப் பாத்தா. “என்னப்பா, பிள்ளை வந்த நேரம் தொடங்கி எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டு நிக்குது. இன்னும் ஒரு வாய் சாப்பிடேல்லை. அது வேலை இல்லையே? உங்கட கை என்ன பூப்பறிக்குதோ? போடுங்கோ கையெழுத்தை!”

அங்கிள் போட்டார். ஒரு மணித்தியாலம், வயசு போனவைக்கு மொழிபெயர்ப்பு. கீழ பேர்: தே. ஸ்கெல்விக்.

நான் சந்தோசத்தில ஆறு இடியப்பம் சாப்பிட்டன். ஃபோமைத் திருப்பிப் பாக்கவே இல்லை. என்னளவு மொக்கன் ஸ்காபரோவில இல்லை.

வெள்ளிக்கிழமை பதினொண்டரை மணி. கவுன்சிலர் மிஸ் ஃபோமை ஒருக்காப் பாத்தா. என்னை ஒருக்காப் பாத்தா. திரும்ப ஃபோமைப் பாத்தா.

“ரெண்டு மேற்பார்வையாளர். ரெண்டு பேரும் ஸ்கெல்விக்.”

“ஓம் மிஸ்.”

“வேற வேற விலாசம். வேற வேற கையெழுத்து. இப்பிடி ஒரு பேரை நான் என்ர வாழ்க்கையில கேள்விப்பட்டதே இல்லை.”

“மிகவும் அரிய பேர் மிஸ்.”

“கள்ளக் கையெழுத்துப் போடுறவை வழக்கமா ரெண்டு வேற வேற பேராவது யோசிச்சு வைப்பினம்” எண்டா.

நான் மேசையில இருந்த ரெலிபோனைக் காட்டினன். “மிஸ், அடிச்சுக் கேளுங்கோ! நம்பர் கிடக்கு!”

அடிச்சா. மிஸ்டர் ஸ்கெல்விக் முதல் மணியிலயே எடுத்திட்டார். மிஸ் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “உங்களுக்கும் மற்ற ஸ்கெல்விக்குக்கும் என்ன உறவு?”

எனக்கு இந்தப் பக்கத்தில இருந்தே கேட்டுது. வட இங்கிலண்டில, ஒரு ஆத்தங்கரையில...

மிஸ் முதல் ரெண்டு நிமிசம் “ஓகே” எண்டா. பேந்து “அப்பிடியா” எண்டா. பேந்து ஒண்டும் சொல்லேல்லை. மணிக்கூட்டில பன்னிரண்டுக்கு ரெண்டு நிமிசம் இருக்கேக்க, ரெலிபோன் காதில இருக்க, மற்றக் கையால ஸ்கூல் முத்திரையை எடுத்து என்ர ஃபோமில குத்தினா.

தப்பிச்சன்!

எழும்பினன். அவ வாயைத் திறக்க ஏலாமல், ஒரு மஞ்சள் துண்டில என்னவோ எழுதி எனக்கு முன்னால தள்ளினா. ஃபைலில போட வேணுமாம். ரெண்டு மேற்பார்வையாளருக்கும் என்ன உறவு எண்டு ஒரே ஒரு வரியில எழுதிப்போட்டுப் போகட்டாம்.

பேனையும் தந்தவ. துண்டில ஒண்டும் எழுதாமல் நான் வந்திட்டன்.