பழசு டொக்டரும் அப்பாவின் ட்ரோபோனினும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே புத்தம் புதிய இரத்தப் பரிசோதனைத் தாளைக் கண்டால் கோபப்படும் ஒரே மனிதர் பழசு டொக்டர்தான். அடித்துச் சொல்வேன். வழக்கமாக நான் எதையும் அடித்துச் சொல்பவள் அல்ல. அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் பாதி வழியில் வீடு திரும்புகிறவள். இந்த ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை ஒன்றில் அவருடைய கிளினிக் இருந்தது. பெயர்ப்பலகையில் நீளமான பெயரும் பட்டங்களும் இருந்தன, யாரும் வாசித்ததில்லை. தாளை நீட்டினால் வாங்க மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "பழசு எங்கை?" என்பார். முந்திய தாள் மேசைக்கு வராமல் புதியதைத் தொடவே மாட்டார். பண்டத்தரிப்பிலிருந்து வந்த ஒரு தோட்டக்காரரை அப்படித்தான் பஸ் ஏற்றித் திருப்பி அனுப்பினார். அந்த மனிதர் எரிச்சலில் வீட்டிலிருந்த தாள் அத்தனையையும் உரப்பையில் அள்ளிக்கொண்டு வந்தார். மாட்டுக்கு ஊசி போட்ட அட்டையும் அதற்குள் இருந்தது. டொக்டர் அதையும் விடாமல் வாசித்துவிட்டு, "மாடு பரவாயில்லை. நீர்தான் கவனமா இருக்கோணும்," என்றாராம்.

சந்தையில் கத்தரிக்காய் வாங்கினாலும் நேற்றைய விலையைக் கேட்டுவிட்டுத்தான் இன்றைய விலையைக் கேட்பார். புதுச்சேலை உடுத்தி வந்த தாதியிடம், "முந்தினதோடை பாக்கேக்கை ஒரு வித்தியாசமும் தெரியேல்லை," என்று சொல்லி, ஒரு கிழமை, ஏழு நாளும் தேநீர் கிடைக்காமல் இருந்தவர்.

என் அப்பாவுக்கு இதயம் பலவீனம். மூன்று வருடமாக அவரிடம்தான் காட்டினோம். உடம்பில் நீர் சேர்கிறதா என்று அறிய, தினமும் காலையில் அப்பாவை நிறுக்கச் சொன்னார். நிறுத்தேன். தராசில் சந்தேகம் வந்து என்னையும் நிறுத்தேன். என்னிலும் சந்தேகம் வந்து ஐந்து கிலோ அரிசிப் பையை நிறுத்தேன்.

ஒருநாள் காலை, "நெஞ்சு ஒரு மாதிரிக் கிடக்கு, பிள்ளை," என்றார் அப்பா. மூச்சும் வாங்கியது. என் மகளுக்கு அப்போது பதினான்கு மாதம். பழைய தாள்கள் இருந்த பையைத் தோளில் மாட்டி, அவளை இடுப்பிலும் அப்பாவைக் கையிலும் பிடித்துக்கொண்டு ஓட்டோவில் கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் வேறொரு நோயாளியோடு உள்ளே இருந்தார். தாதி அப்பாவைக் கட்டிலில் கிடத்தி இசிஜி எடுத்தார். ட்ரோபோனின் சோதனைக்கு இரத்தமும் எடுத்தார். இதயத் தசை காயப்பட்டால் இரத்தத்தில் கூடுகிற புரதம் அது. தாள் வந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். 'அதிகம்.'

மாரடைப்பேதான் என்று முடிவு கட்டினேன். பிறகு எங்கள் ஊரில் எந்த மகளும் செய்வதையே செய்தேன். டொக்டரிடம் காட்டுமுன் தாளைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

பத்தே நிமிடம். கனடாவில் அண்ணை விமான டிக்கெட் எடுத்துவிட்டார். லண்டன் மாமி குரல் பதிவில் ஒப்பாரியே வைத்தார். பாரிஸ் மச்சான் மட்டும் நிதானமாக, "மாமான்ரை வடிவான படம் ஒண்டு இருந்தால் அனுப்பு," என்று எழுதினார். எதற்கென்று கேட்க எனக்குத் துணிவில்லை. வடிவான அப்பாவோ கட்டிலில் சாய்ந்தபடி, "பசிக்குது, ஒரு பணிஸ் வாங்கித் தாறியோ?" என்றார்.

அண்ணை தொலைபேசியில் கத்தினார். "கொழும்புக்கு ஏத்து! இப்பவே ஏத்து!"

ஏற்றி, வழியில் ஏதும் நடந்தால்? ஏற்றாமல் இங்கேயே நடந்தால்? இரண்டிலும் நான்தான் குற்றவாளி.

அப்போது டொக்டர் வந்தார். அவர் வாயைத் திறக்குமுன் சேலைக்கடைப் பையிலிருந்த மூன்று வருடத் தாள்களையும் திகதி வரிசையில் பரப்பினேன். அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன். அப்பாவின் நெஞ்சைக் கேட்டார், வீங்கிய காலை அமுக்கினார், புது இசிஜியைப் பழையதோடு வைத்துப் பார்த்தார்.

"இஞ்சை பாரும் பிள்ளை. நாலு மாதத்துக்கு முதலும் நட்சத்திரம்தான். எண்ணும் கிட்டத்தட்ட இதேதான்."

"அப்ப அண்டைக்கும் மாரடைப்போ?"

"அண்டைக்கு நீர் படம் பிடிக்கேல்லை. அதாலை ஒருத்தரும் டிக்கெட் எடுக்கேல்லை."

பிறகு குரலைத் தணித்தார். "அப்பான்ரை இதயம் களைச்ச இதயம். களைச்ச தசை உந்தச் சாமானை எப்பவும் கொஞ்சம் கசிய விடும். மாரடைப்பெண்டால் எண் மணித்தியாலக் கணக்கிலை மாறும். மூண்டு மணித்தியாலத்தாலை இன்னொருக்கா எடுப்பம். ஏறினால் பெரியாஸ்பத்திரிக்கு நானே கூட வாறன்."

"ஏறாட்டில் பயமில்லையோ?"

"அப்பிடி ஆர் சொன்னது? கசியிறதும் நல்லதில்லை. ஆனால் அதுக்கு வைத்தியம் வேறை."

அண்ணையின் அழைப்பு மீண்டும் வந்தது. டொக்டரே வாங்கினார்.

"டொக்டர், நான் கூகிளிலை பாத்தனான்..."

"கூகிளிட்டை உங்கடை அப்பான்ரை பழசு இருக்கோ, தம்பி?"



அந்த மூன்று மணித்தியாலமும் மகள் தாதியின் தோளில் தூங்கினாள். டொக்டரின் சாப்பாட்டுப் பார்சல் பிரிக்கப்படாமலே கிடந்தது. கால் மணிக்கொரு தடவை, பேனையைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு, சட்டைப் பையில் பேனையோடு அப்பாவின் கட்டிலடிக்கு வந்தார்.

இரண்டாவது எண் வந்தது. நின்ற இடத்திலேயே நின்றது.

"மாரடைப்பில்லை. நெஞ்சுக்கை நீர் சேந்திருக்கு," என்றவர் அப்பாவிடம் திரும்பினார். "ஐயா, உப்பாய் என்ன சாப்பிட்டியள்?"

"மோர்மிளகாய். ரெண்டு."

"கிழமைக்கோ?"

"சோத்துக்கு."

இரண்டு நாள் கட்டிலில் வைத்து நீரை இறக்கினார். அண்ணை தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்ப டிக்கெட்டை நிப்பாட்டட்டோ, டொக்டர்?"

"ஏன்? செத்தவீட்டுக்கு மட்டுந்தான் வருவியளோ? மனுசன் கதைக்கிற நிலையிலை இருக்கேக்கை வாருமன்!"

அண்ணை வந்தார். பத்து நாளும் அப்பாவோடு கடதாசி விளையாடினார். அப்பா சீட்டை மடியில் ஒளித்து, அளாப்பி அளாப்பி வென்றார். மறு வருடம் அப்பா காலமானபோது அண்ணையால் வர முடியவில்லை. "அந்தப் பத்து நாள் கிடைச்சதே எனக்குக் காணும்," என்று தொலைபேசியில் சொல்லி அழுதார்.

டொக்டர் இப்போது கிளினிக்கை மூடிவிட்டார். மத்தியானங்களில் அதன் வாசலில், கேற்றடியில் நிற்பார். மகளைப் பாலர் பாடசாலையிலிருந்து கூட்டி வரும்போது நான் அந்த ஒழுங்கையால்தான் வருகிறேன். எங்கள் வீடு இருப்பது அதற்கு நேர் எதிர்ப்பக்கம்.