எழுபத்தைந்தாவது தட்டு

எங்கள் வீட்டில் விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்று இருந்தது. கெட்ட வார்த்தை இல்லை. (கெட்ட வார்த்தைகள் தாராளமாகப் புழங்கும். சந்தேகம் என்றால் எங்கள் ஸ்கெலட்டன் குடியிருப்பில் தண்ணீர் லாரி வரும் நேரத்தில் வந்து கேளுங்கள்.) அந்த வார்த்தை 'மிஸ்ஃபயர்'. அதை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நாற்பது பேருக்கு முன்னால், அடிவயிற்றிலிருந்து கத்தினேன். அதன் பலனை இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா தங்கச் சுரங்கத்தில் வெடி வைக்கும் பிளாஸ்டர். பாறையில் போட்ட ஓட்டைகளில் மருந்தை அடைத்து, திரியைப் பற்ற வைத்துவிட்டு, மூலை திரும்பி ஒதுங்கி நின்று வெடிகளை எண்ணுவது அவர் வேலை. பதினெட்டு ஓட்டை என்றால் பதினெட்டு வெடி கேட்க வேண்டும். பதினேழுதான் கேட்டது என்றால் மிஸ்ஃபயர். ஒன்று இன்னும் உயிரோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அரை மணி நேரத்துக்கு எவனும் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது. சுரங்கத்தை மூடி வருஷக்கணக்காகிவிட்டது, அப்பாவின் ஒரு காதும் முக்கால்வாசி மூடிவிட்டது, எண்ணும் பழக்கம் மட்டும் போகவில்லை. குக்கர் நாலு விசில் அடிக்க வேண்டிய இடத்தில் மூன்றோடு நின்றால், சிலிண்டரை மூடிவிட்டு எங்கள் எல்லோரையும் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். கரண்டியோடு அம்மா, சீப்போடு நான். அரை மணி நேரம். தெருவே வேடிக்கை பார்க்கும்.

நான் யசோதரா. மாரிகுப்பத்தில் ரயிலேறி தினமும் பெங்களூர் போய், ஒரு மருந்து கம்பெனியில் பேக்கிங் பார்ப்பவள். (கணவர் பெயர் பார்த்திபன். சித்தார்த்தன் என்று ஒரு நல்ல வரன் வந்ததாம். "வேணாம்டி, உட்டுட்டுப் போயிடுவான்" என்று அம்மா தள்ளிவிட்டாள்.) முப்பத்தாறு வயது வரை நான் கையில் பிடித்த ஒரே ஆயுதம் ரயிலில் இடம் பிடிக்கப் போடும் கைக்குட்டைதான்.

பங்காரப்பேட்டையில் ஏறும் என் ரயில் தோழி ரேகா ஒருநாள், "சண்டே வா, ஒண்ணு காட்டறேன்" என்றாள். பூதிகோட்டைப் பக்கம் ராகி வயல்களைத் தாண்டி ஒரு பொட்டல்காடு. அங்கே ஒரு துப்பாக்கி கிளப். நடத்துபவர் ஓய்வுபெற்ற ராணுவக்காரர். எல்லோருக்கும் அவர் மேஜர்தான். ரேகா ஒரு நீளத் துப்பாக்கியைத் தோளில் வைத்தாள். வாட்ஸாப்பில் பூ படம் அனுப்புகிற அதே ரேகா! "புல்!" என்று ஒரு குரல் கொடுத்தாள். ('இழுத்து விடு' என்பதற்கு இங்கிலீஷ்.) எதிரே பள்ளத்தில் இருந்த மெஷினிலிருந்து உள்ளங்கை அகல ஆரஞ்சுத் தட்டு ஒன்று விர்ரென்று வானத்தில் பாய்ந்தது. டமார். தட்டு இருந்த இடத்தில் ஒரு கொத்துப் புகை மட்டும் மிதந்தது. அவ்வளவுதான், இரண்டு நொடி.

எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. பிறந்ததிலிருந்து வெடிச் சத்தத்தோடு வளர்ந்தவள் நான். தரைக்குக் கீழே ஏதோ புரளும், அலமாரியில் டம்ளர் ஆடும், அதோடு சரி. எங்கள் ஊர் வெடியெல்லாம் இருட்டில் வெடித்து இருட்டிலேயே அடங்கிப்போகும். வெடித்த ஒன்றை முதல்முறையாக வெயிலில், நீல வானத்தில் பார்த்தேன். வாயைத் திறந்தவள் மூடவில்லை.

"நானும் சுடணும்" என்றேன். குரல் எனக்கே குழந்தை மாதிரி கேட்டது.

முதல் நாள் பதினோரு தட்டுகள் பறந்தன. பதினொன்றும் பூதிகோட்டைக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்தன. தோள்பட்டை கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. "நீ துப்பாக்கியைப் பார்க்கறே. தட்டைப் பாரம்மா, தட்டை மட்டும்" என்றார் மேஜர். பன்னிரண்டாவது தட்டை நான் பார்த்தேன். அதன் விளிம்பில் வெயில் பட்டது வரைக்கும் பார்த்தேன். விரல் தானாக அழுந்தியது. தட்டு பொடிப்பொடியாகிப் போனது. அதை உடைத்தது நான்தானா என்று திரும்பி மேஜரைக் கேட்டேன். "பின்னே நானா?" என்றார்.

அதன் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. ஐந்து மாதம், ஒரு ஞாயிறு விடவில்லை. பக்கத்து வீட்டுச் சின்னம்மா மட்டும், "வூட்ல புத்தர் போட்டாவ மாட்டிகினு கையில துப்பாக்கி இன்னாத்துக்கு?" என்று கேட்டாள். "சின்னம்மா, அது வெறும் தட்டு. சுண்ணாம்பும் தாரும். உயிர் கிடையாது" என்றேன். "அப்ப ஏன்டி அதப்போய் சுடற, பாவம்?" என்றாள்.

அப்புறம் அந்தப் போட்டி வந்தது. மேஜர் தெளிவாகச் சொல்லிவிட்டார். புதியவர்களுக்கு எழுபத்தைந்து தட்டு. தட்டுக்கு ஒரு தோட்டா. நாற்பத்தைந்து உடைத்தால் கிளப் துப்பாக்கியிலேயே தொடர்ந்து பயிற்சி, மாநிலப் போட்டிக்கும் அனுப்புவார். நாற்பத்து நாலு என்றால் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும். சொந்தமாகத் துப்பாக்கி வாங்குவதெல்லாம் என் ஏழு ஜென்மத்துக்கும் ஆகாத காரியம். இது போனால் வானத்தில் அந்தப் புகையை நான் மறுபடி எழுப்பப் போவதில்லை.

இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு புத்திசாலிப் பெண் யாருக்கும் சொல்லாமல் போயிருப்பாள். நான் தெரு முழுக்கச் சொன்னேன். இந்தியாவுக்கே ஆடப்போவதுபோல் அளந்துவிட்டேன். விளைவு, ஞாயிறு காலை கிளப் மைதானத்தில் ஒரு வேன் வந்து நின்றது. அதில் அப்பா, பார்த்திபன், சின்னம்மா, அப்பாவோடு சுரங்கத்தில் வேலை செய்த கிழவர்கள் பதினாறு பேர், ஒரு அண்டா எலுமிச்சை சாதம்.

அப்பாவுக்கு அன்றுதான் முதல்முறை. முதல் தட்டு வெடித்ததும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"யசோ, இன்னாம்மா இது... வெளிச்சத்துல வெடிக்குது!"

"ஆமாம்ப்பா."

"இருவத்தாறு வருசம் வெடி வெச்சேன். வெடிக்கறத ஒரு தபா கூடப் பாத்தது இல்ல. காதாலதான் கேட்டுகினேன்" என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துகொண்டார். காது கைவிட்ட நாளிலிருந்து அவர் காலால்தான் எண்ணுகிறார். பதினாறு கிழவர்களும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முகங்களை என்னால் மறக்க முடியாது.

நான் சுட்டேன். உடைந்தது, தப்பியது, உடைந்தது. எழுபத்து நான்காவது தட்டுக்கு முன் என் கணக்கு நாற்பத்து மூன்று. "புல்!" தட்டு சூரியனுக்கு நேராக எழுந்தது. சுட்டேன். ஐயோ, அதை எப்படிச் சொல்வது! தட்டு உடையவில்லை, கரைந்தது. பொடியின் ஒவ்வொரு துணுக்கிலும் வெயில் ஏறி, தங்கத்தூள் மாதிரி மெதுவாக இறங்கியது. எங்கள் ஊரில் அத்தனை தலைமுறை குனிந்து தேடியது எனக்காக வானத்திலிருந்து கொட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன். (எனக்குக் கொஞ்சம் இப்படி ஏறிவிடும். மன்னிக்கவும்.) அதைப் பார்த்தபடியே துப்பாக்கியைத் திறந்தேன், காலித் தோட்டா பின்னால் துள்ளி விழுந்தது, பார்த்தபடியே மூடினேன், பார்த்தபடியே அடுத்த இடத்துக்கு நகர்ந்து நின்றேன்.

நாற்பத்து நாலு. இன்னும் ஒன்றே ஒன்று.

"புல்!"

தட்டு பாய்ந்தது. குறி அற்புதமாக இருந்தது. அழுத்தினேன்.

'டிக்.'

வேறு சத்தமே இல்லை. தட்டு அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. என் மூளை என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. பிறந்த வீட்டு ரத்தம் செய்தது தெரியும். துப்பாக்கியைக் குழல் முன்பக்கம் இருக்கும்படி தரையில் வைத்துவிட்டு, "மிஸ்ஃபயர்!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன்.

அதற்குள் அப்பா எழுந்து நின்றிருந்தார். எழுபத்தைந்தாவது அதிர்வு அவர் காலுக்கு வரவில்லை.

"வெளிய! எல்லாம் வெளிய வாங்க! ஒருத்தரும் நிக்காதீங்க!"

எழுபது வயதுக் கிழவர்கள் பதினாறு பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். முழங்கால் வலி, மூச்சிரைப்பு எல்லாம் எங்கே போனதோ! ஒருவர்கூட 'இன்னா ஆச்சு' என்று கேட்கவில்லை. போட்டிக்கு வந்திருந்த பெங்களூர்க்காரர்களில் ஆளுக்கு ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் பள்ளத்தில் இறங்கி மெஷின் பார்த்துக்கொண்டிருந்தவரை இழுத்து வந்தார். சின்னம்மா அண்டாவை இழுத்துக்கொண்டு ஓடினாள். மூச்சு விடும் நேரத்தில் மைதானம் காலி. நாற்பது பேரும் கல் சுவருக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தோம். மேஜரின் கையை அப்பாவே பிடித்திருந்தார்.

"ஐயா, துப்பாக்கிக்கு அரை நிமிஷம் போதும், சாகு. நான் போய்ப் பார்க்கறேன்" என்றார் மேஜர்.

"அரை மணி நேரம் சார்."

"இது சுரங்கம் இல்ல, ஸ்வல்ப, கொஞ்சம் கேளுங்க..."

"அவசரப்பட்டு கிட்ட போனவங்கள, ரெண்டு பேர, நான் தோள்ல தூக்கிகினு மேல வந்துகிறேன் சார். உக்காருங்க."

மேஜர் உட்கார்ந்தார். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தலைகளை எண்ண ஆரம்பித்தார். இரண்டு முறை எண்ணிவிட்டு, "ஒரு ஆள் கொறையுது" என்றார். குரலே மாறியிருந்தது.

அந்த நேரம் பார்த்து மைதானத்தின் அந்தக் கோடியில் கழிப்பறைக் கதவு திறந்தது. பார்த்திபன். ஈரக்கையை உதறிக்கொண்டே வெளியே வந்தார். ஜனம் நிறைந்திருந்த இடத்தில் ஈ காக்கை இல்லை. காலி நாற்காலிகள், கவிழ்ந்த சாப்பாட்டுத் தட்டுகள், நடுவில் ஒரு துப்பாக்கி. நல்ல மனுஷன், பெண்டாட்டி எதையோ போட்டுவிட்டுப் போய்விட்டாளே என்று அதை எடுக்க நடந்தார்.

நாற்பது பேரும் நாலு பாஷையில் அலறினோம். என் கணவர் அப்படி ஓடி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

முப்பது நிமிடம் கழித்து அப்பா தலையசைத்தார். மேஜர் மட்டும் போனார். துப்பாக்கியை எடுத்தார், திறந்தார், உள்ளே பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு அந்தக் குழல் வழியாகவே எங்களைப் பார்த்தார். அதில் தோட்டாவே இல்லை.

போடவில்லை. நான் போடவே இல்லை. தங்கத்தூளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தோட்டாவை மறந்துவிட்டேன். அது என் கோட்டுப் பையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"லாஸ்ட்" என்றார் மேஜர். சுடுபவரின் தப்பு என்றால் தட்டு போனது போனதுதான். நாற்பத்து நாலு.

பூமி பிளக்காதா என்று இருந்தது. (எங்கள் ஊரில் அது நடக்கக்கூடியதுதான். அன்று பார்த்து நடக்கவில்லை.) பெங்களூர்க்காரர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். ரேகா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அழுதேவிட்டேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடினார். என்னால் அவர் நாலு பேர் முன்னால் சிரிப்பாய்ச் சிரிக்கும்படி ஆகிவிட்டதே என்பதுதான் எனக்கு நாற்பத்து நாலை விடப் பெரிய வலியாக இருந்தது.

மேஜர் சிரிக்கவில்லை. அப்பாவின் முன்னால் வந்து நின்றார்.

"ஐயா, இருபது வருஷமா கிளப் நடத்தறேன். ஆபத்துன்னா மைதானத்தை எப்படிக் காலி பண்ணணும்னு இவங்களுக்கு மாசா மாசம் சொல்லித் தரேன். ஒருத்தனும் நகர மாட்டான், வீடியோ எடுப்பான். நீங்க ஒரு சத்தம் போட்டீங்க, ஒரு நிமிஷத்துல ஒரு ஆள் இல்ல. ஞாயிற்றுக்கிழமை நீங்க சும்மாதானே இருக்கீங்க?"

அப்பா நல்ல காதைத் திருப்பினார். "இன்னா சார் கேக்கறீங்க?"

"இந்த மைதானத்தைப் பார்த்துக்க முடியுமான்னு கேக்கறேன்."

அப்பா சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

ஆக, ஐந்து மாதம் தோள் கன்றிப் பயிற்சி எடுத்தவள் நான்; கிளப்பில் தேர்வானவர் அப்பா. சிவப்புக் கொடியும் விசிலும் தந்திருக்கிறார்கள். அவரை வண்டியில் கூட்டிப்போய்க் கூட்டிவரும் டிரைவராக நான் ஒரு வருஷம் அந்த மைதானத்தில் நின்றேன். அடுத்த ஆண்டு மறுபடி வாய்ப்புக் கொடுத்தார்கள். ஐம்பத்தொன்று உடைத்தேன்.

மிஸ்ஃபயருக்கு எங்கள் வீட்டில் இருந்த தடை அன்றோடு போயிற்று. ரசத்தில் உப்பு இல்லையா, பார்த்திபன் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, "மிஸ்ஃபயர்! அரை மணி நேரம் ஒருத்தரும் கிட்ட போவாதீங்க!" என்று வாசலுக்கு ஓடுகிறார். சின்னம்மா கல்யாண வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லும்போது நாற்பது பேர் நானூறு பேராகிவிடுகிறார்கள்.

அப்பா மட்டும் இதைச் சொல்லிச் சிரிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பின்னால் பத்தடி தள்ளி, வெறுங்காலோடு, கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்குமுன் மைதானம் முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல் வரும்:

"யசோ! தோட்டா வெச்சியா?"

"வெச்சிட்டேம்ப்பா!"

"அப்ப சுடு. நான் எண்ணிக்கறேன்."