அச்சு அசலாக ஒரு திருகாணி

பிப்ரவரி ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. குறை இதுதான்: ஒருவர் ஒரு வேலையைச் செம்மையாகச் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக அவர்மேல் திருட்டுப் பட்டம் சுமத்தப்பட்டது.

அவர் ஒரு நூலகர். வாரம் முழுவதும் பிறரைப் பேசாதிருக்கச் சொல்பவர். ஞாயிறன்று மட்டும் வீட்டின் பின்னறையில் சிறிய கடைசல் எந்திரமான லேத் ஒன்றை ஓடவிட்டுத் தாமே இரைச்சல் எழுப்புவார். பித்தளைக் கம்பியைக் கடைந்து, முழங்கை நீள மாதிரிக் கப்பலுக்கு விளக்கும் கம்பித்தூணும் கயிறு கட்டும் குமிழும் மிளகளவில் செய்வார்.

அன்று காலை அவர் மனைவி பின்னறை வாசலில் வந்து நின்றார். வலக் காதில் தோடு இருந்தது. இடக் காதுத் தோடு கையில் இருந்தது.

"என் திருகாணி எங்கே?"

"எந்தத் திருகாணி?"

"தோட்டுக்குப் பின்னாடி மாட்டுறது. நேத்து ராத்திரி காது வலிக்குதுன்னு கழட்டி, பத்திரமா வெச்சேன்."

"பத்திரமான்னா, எங்க?"

"அது தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் கேக்குறேன்? இந்த வீட்ல சின்னதா, மஞ்சளா, உருண்டையா எது கிடந்தாலும் தன்னுதுன்னு எடுத்துட்டுப் போறது யாரு?"

நூலகர் மேசைமேலிருந்த கப்பலைத் திரும்பிப் பார்த்தார். அன்று விடிந்ததும் சமையலறைத் தரையில் கிடந்த மஞ்சள் குமிழ் ஒன்றை, தாம் தவறவிட்டதென்றே எண்ணி, மகிழ்ச்சியோடு எடுத்துவந்து கப்பலில் ஒட்டியிருந்தார்.

"சாயங்காலத்துக்குள்ள வரணும். வரலேன்னா இந்த லேத் வீட்ல இருக்காது. தம்பியை வேன் எடுத்துட்டு வரச் சொல்லிடுவேன், ஆமா!"

கப்பலின் மேல்தளத்தில் குமிழ்கள் வரிசையாக நின்றன. ஒன்றுக்கொன்று இம்மியும் வேறுபாடில்லை. வேறுபாடு இருக்கக் கூடாதென்றுதானே அவர் அத்தனை பாடுபட்டார்! காலையில் ஒட்டியது எது என்று அவருக்கே தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். ஒவ்வொன்றோடும் மேல்தளம் கொஞ்சம் கையோடு வந்தது. கடைசிக் குமிழும் பித்தளையாகவே இருந்தது. நூலகர் குற்றமற்றவர் என்பது மெய்யாயிற்று. கப்பல் எலி கொறித்ததுபோல் ஆயிற்று.

"பாரு, அத்தனையும் பித்தளை!"

"அப்போ சீவலோட சேத்துப் பெருக்கித் தள்ளிட்டீங்க."

லேத்தின் அடியிலிருந்த தட்டில் குவிந்துகிடந்த பித்தளைச் சீவல்களை நூலகர் விரலால் அளைந்து பார்த்தார். திருகாணி கிடைக்கவில்லை, விரல்தான் கிழிந்தது.

"இப்போதைக்கு ஒண்ணு கடைஞ்சு தர்றேம்மா. வலது காதுல இருக்கறதைக் கொஞ்சம் கழட்டிக் குடு. அளவு பாத்துக்கறேன்."

"எதுக்கு? இருக்கிற ஒண்ணையும் தொலைக்கவா? என் காதுகிட்ட வராதீங்க!"

ஆகவே மாதிரி இல்லாமலே வேலை தொடங்கியது. கையிலிருந்த தோட்டின் தண்டை அளந்தார். அதன் மரையை உருப்பெருக்கியில் பார்த்தார். பித்தளைக் கம்பியை லேத்தில் பிடித்து, கடைந்து, துளையிட்டு, உள்ளே மரை வெட்டினார். வடிவத்துக்கு நினைவே துணை. எத்தனையோ ஆண்டுகள் பேருந்தில் பின்னிருக்கையிலிருந்து பார்த்துவந்த காது அல்லவா அது! மெருகேற்றி நீட்டினார்.

மனைவி மாட்டிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு ஏறி அமர்ந்தது. நூலகர் பாராட்டுக்காகக் காத்திருந்தார்.

"இது என்னுதேதான்! இவ்வளவு நேரம் உங்ககிட்டதான் இருந்துதா?"

"ஐயோ, இல்லம்மா! இப்போ நான் கடைஞ்சது. பித்தளை."

மனைவி அதைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பித்தளையா? பக்கத்துல வெச்சுப் பாக்காம எப்படி இவ்வளவு அச்சா செய்ய முடியும்? அப்போ என்னுதை எங்க வெச்சிருக்கீங்க?"

இப்படியும் ஒரு நியாயம் உண்டா? நூலகர் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னறைக்குத் திரும்பினார். தம் வாழ்நாளில் முதன்முறையாக, வேண்டுமென்றே கோணலாக ஒன்றைக் கடைந்து கொண்டுவந்தார்.

"பாத்தியா? பாக்காம செஞ்சா இப்படியும் வரும்!"

"அப்போ முன்னாடி செஞ்சது பாத்துத்தானே?"

மாலையில் மைத்துனர் தம் மனைவியோடு வேனில் வந்திறங்கினார்.

"அத்தான், நான் உங்களைச் சந்தேகப்படவே மாட்டேன். அக்கா தூக்குன்னா தூக்குவேன். அவ்வளவுதான் நம்ம கொள்கை."

"மாப்ளே, அந்தக் கைப்பிடியில பிடிச்சுத் தூக்காதே. ஆட்டம் குடுத்துடும்."

"பழைய இரும்புக் கடைக்காரனுக்கு ஆடினா என்ன, ஆடாட்டி என்ன?"

இருவருமாகத் தூக்கினார்கள். தம் லேத்தைத் தாமே வெளியேற்றும் நிலை எதிரிக்கும் வரக் கூடாது. வாசற்படி தாண்டியதும் மைத்துனர் "அம்மா!" என்று அலறி, லேத்தை இறக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நூலகர் எண்ணெய்க் கையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் லேத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கண்டதும் அவர் மனைவிக்கும் கண் கலங்கிவிட்டது.

மைத்துனரின் மனைவி ஆறுதலாக நாத்தனாரின் தோளை அணைத்து, கலைந்திருந்த கூந்தலை வலக் காதுக்குப் பின்னே ஒதுக்கிவிட்டார். ஒதுக்கியவர் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"அண்ணி, இந்தக் காதுல மட்டும் எதுக்கு ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு திருகாணி போட்டிருக்கீங்க?"

வாசகரே, சிரித்தது போதும். மைத்துனரால் நிமிர முடியவில்லை. எழுந்து வந்து லேத்தின் மறுமுனையைப் பிடியுங்கள், உள்ளே கொண்டுபோக வேண்டும்.